அமெரிக்கப் பள்ளிகளில் சாமி, பேச்சு, புத்தகம்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏதாவது ஒரு மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தாலோ, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலோ எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒரு வாரம் சூடாக இருக்கும். அப்புறம் அடங்கிவிடும். அடுத்த முறை அதே கேள்விகள் மறுபடி முளைக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்புகிறவள். ஸ்கூல் போர்டு (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியம்) கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்து பழகியவள். ஒரு வருடம் புத்தக மறுஆய்வுக் குழுவிலும் இருந்தேன். நம் ஊரில் பப்ளிக் ஸ்கூல் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் தனியார் பள்ளி. இங்கே அது வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளி. கீழே எங்கே பள்ளி என்று சொன்னாலும் அதைத்தான் சொல்கிறேன்.

பள்ளியில் பிள்ளைகள் சாமி கும்பிடவே கூடாதாமே?

யார் சொன்னது? தாராளமாகக் கும்பிடலாம். சாப்பிடும் முன் கண்ணை மூடலாம், கணக்குப் பரீட்சைக்கு முன் பிள்ளையாரை வேண்டிக்கொள்ளலாம், மதிய இடைவேளையில் தொழலாம். கூடாது என்பது பள்ளிக்குத்தான். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது. 1791இல் வந்த முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆசிரியர் அரசின் சம்பளக்காரர் என்பதால் வகுப்பின் முன்னால் நின்று அவர் ஜெபம் சொன்னால் அது அரசு சொல்வது போல ஆகிவிடுகிறது. பிள்ளை சொன்னால் அது பிள்ளையின் பேச்சு.

"இங்கே பேசுவது யார்?" என்ற இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி வழக்கு இதிலேயே புரிந்துவிடும். மிச்சக் கால்வாசியில்தான் ஊரே அடித்துக்கொள்கிறது.

1962 வழக்கையே பாருங்கள். நியூயார்க் மாநிலக் கல்வித் துறை 22 சொற்களில் ஒரு ஜெபம் எழுதிப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. எந்தச் சபையின் பெயரும் அதில் இல்லை. விருப்பமில்லாத பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கலாம், வெளியேயும் போகலாம். அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றம் 6-1 என்ற கணக்கில் அதைத் தடுத்தது. மக்களுக்கு ஜெபம் எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்றது. மறு வருடமே, பென்சில்வேனியாவில் தினமும் காலையில் பத்து பைபிள் வசனம் வாசிக்கும் பழக்கத்தையும் நிறுத்தியது.

அதற்கு முன்னால் எல்லோரும் ஒற்றுமையாகத்தானே இருந்தார்கள்?

இப்படி ஒரு நினைப்பு இங்கே பலருக்கு உண்டு. "1962இல் கடவுளைப் பள்ளியை விட்டுத் துரத்திவிட்டார்கள்" என்று மேடையில் பேசுவார்கள். ஆனால் 1844இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைப் பாருங்கள். பள்ளியில் வாசித்தது புராட்டஸ்டன்டுகள் ஏற்றுக்கொண்ட பைபிள். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் பைபிளைத் தாருங்கள் என்று கேட்டார்கள். ஏற்கெனவே குடியேறிகள் மேல் இருந்த காழ்ப்போடு இதுவும் சேர்ந்து கலவரமாக வெடித்தது. இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. இரு தரப்பும் கும்பிட்டது ஒரே கடவுளை, கையில் இருந்தது ஏறக்குறைய ஒரே நூல். பொதுவான ஜெபம், யார் மனமும் நோகாத ஜெபம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வரும்.

தினமும் காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்லச் சொல்கிறார்கள். கட்டாயமா?

இல்லை. 1943லிருந்து இல்லை. ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர் கொடிக்கு வணக்கம் செலுத்துவதைச் சிலை வழிபாட்டுக்குச் சமமாகக் கருதுகிறவர்கள். பென்சில்வேனியாவில் அந்தப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940இல் 8-1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பல ஊர்களில் அந்தப் பிரிவினரைக் கும்பல் சேர்ந்து தாக்கினார்கள். மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தைக் கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தேசத்துரோகி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பது கும்பலின் கணக்கு.

மூன்றே வருடத்தில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப் போட்டது, 6-3. அரசியலோ தேசப்பற்றோ மதமோ, இதுதான் சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது, அதை வாயால் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். நாடு உலகப் போரின் நடுவில் இருந்த நேரம் அது. தீர்ப்பு வந்த ஜூன் 14 அமெரிக்கக் கொடி நாள்.

இன்று உறுதிமொழியில் வரும் "கடவுளின் கீழ்" என்ற சொற்கள் அப்போது இல்லை, 1954இல்தான் சேர்த்தார்கள். என் மகன் வகுப்பில் ஒரு பையன் தினமும் எழுந்து நிற்பான், கையை நெஞ்சில் வைக்க மாட்டான், வாயைத் திறக்க மாட்டான். முதல் நாள் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்களாம். இரண்டாம் நாள் யாரும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற சில மாநிலங்களில் பெற்றோர் எழுத்தில் கேட்டுக்கொண்டால்தான் விலக்கு என்று சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் வருட ஆரம்பத்திலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

பொட்டு, திருநீறு, கையில் கயிறு, ஹிஜாப்?

பிரச்சினை இல்லை. பிள்ளையின் சொந்த வெளிப்பாடு. விளையாட்டு மைதானத்தில் பாதுகாப்புக்காகக் கயிற்றைக் கழற்றச் சொன்னால் அது வேறு விஷயம். பயிற்சியாளரிடம் பேசிப் பாருங்கள், கட்டுத்துணி சுற்றிக்கொள்ள அனுமதிக்கலாம்.

ஒரு பயிற்சியாளர் மைதானத்தில் மண்டியிட்டு ஜெபித்தது சரி என்று தீர்ப்பு வந்ததே? அவரும் அரசு ஊழியர்தானே?

கால்வாசி என்று சொன்னேனே, அதில் இது ஒன்று. வாஷிங்டன் மாநிலம், ப்ரெமர்டன். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் மைதானத்தின் நடுக்கோட்டில் போய் மண்டியிடுவார். 2022இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பைப் படித்தால், வேலை முடிந்து ஒரு மனிதர் தனியாக, அமைதியாக வேண்டிக்கொண்ட கதை போல இருக்கும். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சோட்டோமேயர் தன் தீர்ப்புக்குள்ளேயே புகைப்படங்களைச் சேர்த்தார். அவற்றில் பயிற்சியாளரைச் சுற்றி வீரர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். நடந்தது என்ன என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒப்புதல் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், பதினாறு வயதுப் பையனின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பேன். அடுத்த ஆட்டத்தில் யார் இறங்குவது என்று முடிவு செய்கிறவர் மண்டியிடும்போது, சும்மா நிற்பது அவனுக்கு அவ்வளவு எளிதா? எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லாத கட்டாயம் அது. ஒரு பின்குறிப்பு: வழக்கில் ஜெயித்து வேலைக்குத் திரும்பிய அந்தப் பயிற்சியாளர் 2023இல் ஒரே ஒரு ஆட்டத்தில் கலந்துகொண்டு ராஜினாமா செய்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பின் பெரிய விளைவு வேறு இடத்தில். அரசு ஒரு மதத்துக்குச் சாதகமாக நடக்கிறதா என்று அளக்க 1971லிருந்து ஒரு அளவுகோல் இருந்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வரலாறும் மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்கச் சொன்னது நீதிமன்றம். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வகுப்பறையில் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லும் சட்டம்?

1980லேயே கென்டக்கி மாநிலம் இதைச் செய்து தோற்றது. தனியார் நன்கொடையில் வாங்கிய படம், அரசுப் பணம் செலவில்லை என்று வாதாடியும் நடக்கவில்லை. 2022 தீர்ப்புக்குப் பிறகு கதவு திறந்துவிட்டது என்ற நம்பிக்கையில் 2024இல் லூசியானாவும், 2025இல் டெக்சாஸும் ஆர்கன்சாவும் மறுபடி சட்டம் போட்டன. லூசியானாச் சட்டம் குறைந்தது 11க்கு 14 அங்குலம் என்று அளவு வரை சொல்கிறது. டெக்சாஸில் 16க்கு 20. மூன்று மாநிலத்திலும் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். டெக்சாஸ் வழக்கில் கிறிஸ்தவர், யூதர், மதமில்லாதவர்களோடு இந்துக் குடும்பமும் சேர்ந்தது.

"நல்ல விஷயம்தானே எழுதியிருக்கிறது, கொலை செய்யாதே, திருடாதே" என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். முதல் கட்டளை என்ன என்று ஒருமுறை பாருங்கள்: என்னைத் தவிர வேறு தெய்வம் உனக்கு இருக்கக் கூடாது. வீட்டில் முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு வரும் ஆறு வயதுப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும். அதோடு, கத்தோலிக்கர், யூதர், புராட்டஸ்டன்டுகள் அந்தப் பத்தை எண்ணும் வரிசையே வேறு வேறு. எந்த வாசகத்தை மாட்டுவது என்று சட்டசபை முடிவு செய்தால், மறுபடி ஃபிலடெல்ஃபியா.

பிள்ளை பள்ளியில் அரசியல் பேசினால் தண்டிப்பார்களா? ஃபோனில் எழுதினால்?

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பள்ளி வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. 1969இல் 7-2 என்று மாணவர்கள் ஜெயித்தார்கள். பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் செருப்பு மாதிரி கழற்றி விட்டுவிட்டு யாரும் உள்ளே போவதில்லை என்பது தீர்ப்பின் சாரம் (செருப்பு நான் சேர்த்தது). பாடம் நடப்பதைப் பெரிதாகக் குலைத்தால் மட்டுமே தடுக்கலாம்.

அதன்பின் நீதிமன்றம் அந்த உரிமையை ஓரம் ஓரமாகக் கத்தரித்தது. 1986இல் பள்ளிக் கூட்டத்தில் ஆபாசம் கலந்து பேசியதற்குத் தண்டிக்கலாம் என்றது. பள்ளியே நடத்தும் மாணவர் பத்திரிகையில் கட்டுரையை எடுத்துவிடலாம் என்று 1988இல் சொன்னது. மிஸ்ஸூரியில் ஒரு தலைமையாசிரியர் டீன்ஏஜ் கர்ப்பம், பெற்றோர் விவாகரத்து பற்றிய இரண்டு பக்கங்களை அச்சுக்குப் போகும் முன் நீக்கியிருந்தார். 2007இல், போதைப்பொருளுக்கு ஆதரவாகத் தோன்றும் பதாகையைப் பிடுங்கலாம் என்றது.

ஃபோன் விஷயத்தில் 2021 தீர்ப்பு முக்கியம். பென்சில்வேனியாவில் ஒரு மாணவி சியர்லீடர் முதல் அணியில் இடம் கிடைக்காத கோபத்தில், வார விடுமுறையில் ஒரு கடையில் நின்றபடி ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையோடு பொரிந்து தள்ளினாள். பள்ளி அவளை ஒரு வருடம் அணியை விட்டு நீக்கியது தவறு என்று 8-1 தீர்ப்பு. பள்ளிக்கு வெளியே சொன்னதில் பள்ளியின் பிடி தளர்வானது. அதற்காக மிரட்டலும், இன்னொரு பிள்ளையைக் குறிவைத்துத் துன்புறுத்துவதும் தப்பிக்காது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது இரண்டாவது பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள். என் மகள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

புத்தகத் தடை என்கிறார்கள். கடையில் கிடைக்கிறதே, அப்புறம் என்ன தடை?

வார்த்தையிலேயே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. எழுத்தாளர்களின் அமைப்பான பென் அமெரிக்கா 2023-24 கல்வியாண்டில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட தடைகள் என்று கணக்குச் சொன்னது. ஒரே புத்தகம் பத்துப் பள்ளி மாவட்டத்தில் நீக்கப்பட்டால் அது பத்து. விசாரணை முடியும் வரை எடுத்து வைத்தாலும், குறிப்பிட்ட வகுப்புக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினாலும் அதுவும் கணக்கில் வரும். எதிர்த் தரப்பு இதைத் தடை என்றே ஒப்புக்கொள்வதில்லை, வயதுக்கேற்ற தேர்வு என்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. நூலகர் வாங்காமல் விடும் புத்தகம் ஆயிரம். ஆனால் தேர்ந்தவர் வாங்கி வைத்ததை அரசியல் நெருக்கடியால் எடுப்பது தேர்வு என்ற சொல்லுக்குள் அடங்காது.

சட்டமும் இங்கே தெளிவாக இல்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1976இல் ஒரு போர்டு சில புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் எடுக்கக் கூடாது என்கிற மாதிரி சொன்னது. அந்தக் காரணத்தில் ஐந்து நீதிபதிகள் ஒன்றுசேரவில்லை என்பதால் அது உறுதியான முன்னுதாரணம் ஆகவில்லை. 2025இல் டெக்சாஸின் லானோ கவுன்டி பொது நூலக வழக்கில், நூலகம் எதை வைப்பது என்பதே அரசின் சொந்தப் பேச்சு என்ற பக்கம் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் பலர் சாய்ந்தார்கள், ஆனால் அதிலும் பெரும்பான்மை சேரவில்லை. ஆக, அலமாரியில் பேசுவது யார்? எழுத்தாளரா, நூலகரா, வாரியமா? விடை இன்னும் ஒருமுகப்படவில்லை.

நான் இருந்த மறுஆய்வுக் குழுவில் ஏழு பேர்: நூலகர், இரண்டு ஆசிரியர்கள், மூன்று பெற்றோர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. டீன்ஏஜ் பிள்ளைகளுக்கான ஒரு நாவல் மேல் புகார். விண்ணப்பத்தில் "நூலை முழுவதும் படித்தீர்களா?" என்று ஒரு கட்டம் உண்டு. "இல்லை" என்று டிக் அடித்திருந்தது. கீழே ஒன்பது பக்க எண்கள். எங்களில் இரண்டு பேர் கையில் இருந்தது வேறு பதிப்பு, அந்தப் பக்கங்களில் ஒரு குடும்பம் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பட்டியல் எங்கிருந்தோ நகலெடுத்தது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அதற்காகப் புகாரைத் தூக்கி எறியவில்லை. முழுவதும் படித்தேன். நல்ல நாவல். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதில் இரண்டு அத்தியாயம் கனம் அதிகம். உயர்நிலைப் பள்ளியில் இருக்கட்டும், நடுநிலைப் பள்ளியிலிருந்து எடுக்கலாம் என்று வாக்களித்தேன். பென் அமெரிக்காவின் கணக்குப்படி நானும் ஒரு தடைக்காரிதான். அந்த மாணவி முழுவதும் வைக்க வேண்டும் என்று வாக்களித்தாள். வெளியே வரும்போது, "நான் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன், ஆன்ட்டி" என்றாள்.

இதில் எந்தக் கட்சி பேச்சுரிமைக் கட்சி?

எது தோற்றுக்கொண்டிருக்கிறதோ அது.

சும்மா சொல்லவில்லை. ஃப்ளோரிடாவிலும் அயோவாவிலும் வலதுசாரிகள் சட்டம் போட்டுப் புத்தகங்களை எடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் 2020இல், இனவெறிச் சொற்கள் வருகின்றன என்று பெற்றோர் சொன்னதால் சில புகழ்பெற்ற நாவல்களைக் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2023இல் இல்லினாய் மாநிலம், புத்தகத்தை எடுக்கும் நூலகத்துக்கு மாநில மானியம் இல்லை என்ற வழியில் தடைக்கே தடை போட்டது. யூட்டாவில் நடந்தது எல்லாவற்றையும் விட வேடிக்கை. ஆபாச நூல்களை நீக்க 2022இல் சட்டம் வந்ததும், அதை எதிர்த்த ஒரு பெற்றோர் அதே சட்டத்தின்படி பைபிள் மேல் புகார் கொடுத்தார். 2023இல் டேவிஸ் பள்ளி மாவட்டம் பைபிளை ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து எடுத்தும்விட்டது! எதிர்ப்புக் கிளம்பி, சில வாரங்களிலேயே திரும்ப வைத்தார்கள்.

விதி திரும்பி வந்து அடிப்பது புதிதும் இல்லை. மாணவர்களின் பைபிள் குழுக்களுக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று மதப் பற்றாளர்கள் போராடி 1984இல் சம அனுமதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பின்னாளில் தன்பால் ஈர்ப்பு மாணவர்களின் குழுக்கள் அதே சட்டத்தைக் காட்டி இடம் கேட்டன. 1996இல் சால்ட் லேக் சிட்டி போர்டு, அவர்களுக்கு இடம் தராமல் இருப்பதற்காகப் பாடம் சாராத எல்லாக் குழுக்களையுமே மூடியது.

பிடிக்காத பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளலாமா?

2025 ஜூன் தீர்ப்பு இதைப் பற்றியது. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டியில், தன்பால் ஈர்ப்பு, திருநர் பாத்திரங்கள் வரும் படக்கதைகளைச் சிறு வகுப்புகளில் சேர்த்தார்கள். முதலில் விலக்கு தந்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். முஸ்லிம், கத்தோலிக்க, கிழக்கு மரபுவழிக் கிறிஸ்தவப் பெற்றோர் கைகோத்து வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும் வரை முன்கூட்டித் தெரிவித்து விலக்குத் தர வேண்டும் என்று 6-3 உத்தரவு.

விலக்கு கேட்கும் பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதே வகுப்பில் இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை, தன் வீட்டைப் போல ஒரு வீடு கதையில் வரும்போது நாலு பேர் எழுந்து வெளியே போவதைப் பார்க்கும். அதுவும் புரிகிறது. பரிணாமப் பாடம், வரலாறு என்று இது எங்கே போய் நிற்கும் என்பது இனி வரும் வழக்குகளில் தெரியும்.

பரிணாமம் சொல்லித் தருகிறார்களா?

தருகிறார்கள். 1925இல் டென்னசியில் அதைச் சொல்லித் தந்த ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டில் அபராதம் விதித்த முறை தவறு என்று ரத்தானது. 1968இல் ஆர்கன்சாவின் இதே மாதிரித் தடைச் சட்டமும், 1987இல் படைப்புக் கொள்கையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டமும் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன.

யோகா? இந்து மதப் பாடம்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். அலபாமா மாநிலம் 1993இல் பள்ளிகளில் யோகாவைத் தடை செய்தது. 2021இல் தளர்த்தியபோதும் ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர் மட்டும், மந்திரம் கூடாது, முத்திரை கூடாது, "நமஸ்தே" கூடாது என்று எழுதினார்கள். கலிஃபோர்னியாவின் என்சினிடாஸில், யோகா வகுப்பு இந்து மதத்தைப் பரப்புகிறது என்று பெற்றோர் போட்ட வழக்கு 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பள்ளி நடத்தியது வெறும் உடற்பயிற்சி என்றது நீதிமன்றம். நம் குழுவில் அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். யோகா வெறும் உடற்பயிற்சி என்று வருடம் முழுக்க யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவர்களும் கொண்டாடினார்கள்.

பாடநூல் விஷயம் இதைவிடச் சிக்கல். 2005-06இல் கலிஃபோர்னியாவின் ஆறாம் வகுப்பு நூல்களில் சாதி, பெண்கள் நிலை பற்றிய பகுதிகளை மாற்றச் சொல்லிச் சில இந்து அமைப்புகள் கேட்டன. வரலாற்று ஆய்வாளர்களும் தலித் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 2016இல் மறுபடி ஒரு சுற்று. மதத்தைப் பற்றிச் சொல்லித் தருவதைச் சட்டம் தாராளமாக அனுமதிக்கிறது. என் பிள்ளை தன் மதத்தைப் படித்துக் கூசக் கூடாது என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சாதி என்ற சொல்லைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்வதும், இங்கே சிலர் அடிமை முறையைப் பாடத்தில் மென்மையாக்கச் சொல்வதும் ஒரே ரகம் என்றுதான் தோன்றுகிறது. இதைச் சொன்னதற்குக் குழுவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

தனியார் பள்ளிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. முதலாவது திருத்தம் அரசைத்தான் கட்டும்.

போர்டு கூட்டத்தில் பேச வேண்டும். எப்படி?

நிகழ்ச்சி நிரலை மாவட்ட இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். பேசப் பெயர் கொடுக்கும் கடைசி நேரம் பல இடங்களில் கூட்டத்துக்கு முந்தைய நாளோடு முடிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம், ஆள் அதிகமானால் இரண்டாகக் குறைப்பார்கள். எங்கள் ஊரில் மேசையில் ஒரு சின்ன விளக்கு இருக்கும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்ததும் மைக் அடங்கிவிடும். நீங்கள் கேட்கும் கேள்விக்கு வாரிய உறுப்பினர்கள் அங்கேயே பதில் சொல்ல மாட்டார்கள், முகத்தைக் கூட மாற்ற மாட்டார்கள். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடைமுறையே அதுதான். எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அறிமுகம், வணக்கம், இந்த நாட்டுக்கு வந்த கதை எல்லாம் வேண்டாம். முதல் முறை நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் வந்துவிட்டது.